செத்த பிறகும் பெரட்டா?

கதையில் யார் வேண்டுமானாலும் சாகலாம். ஆனால் செத்தவர் எங்கே போகிறார் என்று சொல்லத் துணிகிற கதைக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொருவருக்கும் செத்துப்போன ஓர் ஆள் இருக்கிறார். கதை சொல்கிறவர் அந்த ஆளையும் சேர்த்துத்தான் எங்கேயோ அனுப்புகிறார். பிளிசார்ட் நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டு, 2020 நவம்பரில் வந்த 'ஷாடோலேண்ட்ஸ்' என்னும் தன் எட்டாவது விரிவாக்கத்தில் இந்தப் பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பாதி வழியில் கீழே போட்டுவிட்டுப் போனது. என் சண்டை அதைப் பற்றித்தான்.

"சும்மா ஒரு கேமு. அதுக்குப் போய் இவ்ளோ எழுதணுமா?" என்று இங்கே லோபாக்கிலேயே கேட்கிறார்கள். இலக்கிய நண்பர்கள் கொஞ்சம் மரியாதையாக, "அதெல்லாம் இருக்கட்டும், தோட்டத்து வாழ்க்கையை எழுதுங்களேன்" என்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கையைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், இந்தக் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 2002-இல் வந்த 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டை என் வயதுப் பையன்கள் சிரம்பான் டவுனின் சி.சி.களில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி விளையாடினார்கள். பாதிப் பேர் அதிலிருந்து முளைத்த டோட்டா பக்கம் போய்விட்டார்கள். கதைக்காக உட்கார்ந்தவர்களும் இருந்தோம். அந்தக் கதையின் நாயகன் ஆர்தஸ் என்ற இளவரசன். கொள்ளைநோய் நுழைந்த ஒரு நகரத்தின் மக்களை, நோய் கண்டவர் காணாதவர் என்று பாராமல் வெட்டிச் சாய்க்கிறான். சபிக்கப்பட்ட வாள் என்று தெரிந்தே ஒரு வாளை எடுக்கிறான். பெற்ற தகப்பனைக் கொல்கிறான். குருவான ஊதரைக் கொல்கிறான். எதிர்த்து நின்ற சில்வானஸ் என்ற பெண் தளபதியைக் கொன்று, அவள் ஆவியைப் பிடித்துத் தனக்கு அடிமையாக்குகிறான். ஒவ்வொரு படியிலும் அவனைத் தடுக்க ஒருவர் இருந்தார், ஒவ்வொரு படியிலும் அவனே முடிவெடுத்தான். அதனால்தான் அவனைப் பார்த்துப் பயந்தோம். நல்ல பிள்ளை ஒருவன் தன் காலாலேயே நடந்து நரகத்துக்குப் போக முடியும் என்பதை எங்களில் பலருக்கு முதலில் காட்டியது அந்தத் திரைதான்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே கதை மறுமைக்குள் நுழைந்தபோது உலகமே காத்துக்கிடந்தது. முதல் நாளில் மட்டும் 37 லட்சம் பிரதிகள் விற்றன. அதுவரை எந்தக் கணினி விளையாட்டும் இவ்வளவு வேகமாக விற்றதில்லை என்று நிறுவனம் அறிவித்தது.

விளையாடாதவர்களுக்காக அந்த மறுமையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். செத்தவர்களின் ஆத்மாக்கள் ஒரிபோஸ் என்ற நடு நகரத்துக்கு வந்து சேரும. அங்கே ஆர்பிட்டர் என்ற பெரிய நீதி உருவம் நிற்கிறது. அது ஒவ்வொரு ஆத்மாவின் வாழ்க்கையையும் ஒரு கணத்தில் படித்து, ஏதோ ஒரு நாட்டுக்கு அனுப்பிவிடும். சேவை மனம் உள்ளவர்கள் பாஸ்டியனுக்கு. போர்க்குணம் உள்ளவர்கள் மால்டிராக்ஸஸுக்கு. இயற்கையோடு ஒட்டி வாழ்ந்தவர்கள் ஆர்டன்வீல்ட் காட்டுக்கு. கர்வம் பிடித்தவர்கள் ரெவண்ட்ரெத்துக்கு, அங்கே பாவத்தைப் பிழிந்தெடுத்துத் திருத்துவார்கள். திருந்தவே மாட்டார் என்று முடிவு கட்டப்பட்டவர்கள் 'மோ' என்ற படுகுழிக்கு. போனால் திரும்ப வழியில்லை. இந்த நாடுகள் எல்லாம் அனிமா என்ற சத்தில் இயங்குகின்றன. ஓர் ஆள் வாழ்ந்த வாழ்க்கை, செய்த செயல், பட்ட பாடு எல்லாம் சேர்ந்து அவர் ஆத்மாவில் அனிமாவாக ஊறியிருக்கும். ஆத்மா வந்தால் அனிமா வரும். கதை தொடங்கும்போது ஆர்பிட்டர் செயலிழந்து கிடக்கிறது. நல்லவர், கெட்டவர், கைக்குழந்தை எல்லாரும் நேராகப் படுகுழியில் விழுகிறார்கள். மற்ற நாடுகளில் அனிமா பஞ்சம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களம். வரிசையில் ஆட்கள். மண்டோர் பேரைக் கூப்பிடுவார், கிராணி செக்ரோலில் குறிப்பார். இவர் பால் வெட்ட, இவர் புல் வெட்ட, இவர் மருந்தடிக்க. நிரை பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, போ. புருசன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளை ஆயாக்கொட்டகையில். ஆர்பிட்டர் செய்வதும் இதுதான். ஒரு குடும்பம் மொத்தமும் ஒரே தீயில் செத்தால்கூட ஒரே இடத்துக்குப் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவரவர் குணத்துக்கு அவரவர் நிரை. மரத்தில் கீறி மங்கில் பால் பிடிப்பதுபோல ஆத்மாவிலிருந்து அனிமா வடிகிறது. பாஸ்டியனில் ஆந்தை முகத்தோடு குட்டிப் பணியாளர்கள் வேறு இருக்கிறார்கள். ஊழியம் செய்வதற்கென்றே படைக்கப்பட்டவர்கள், அதிலேயே ஆனந்தம் அடைகிறவர்கள். எந்தத் துரையும் கனவு காண்கிற கூலி.

ரெவண்ட்ரெத்தின் அரசன் டெனாத்ரியஸ் இன்னும் ஒரு படி மேல். பஞ்சம் பஞ்சம் என்று சொல்லித் தன் குடிகளை வாட்டுகிறான். அவன் கிடங்கிலோ அனிமா குவிந்து கிடக்கிறது, திருட்டுத்தனமாகப் படுகுழிக்குப் போய்க்கொண்டும் இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது மலாயாத் தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள், ஆயிரமாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறிய காலத்தில் குவித்த லாபம் எங்கே என்று கேட்க ஆளில்லை. டெனாத்ரியஸின் கிடங்கைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது.

இதுவரைக்கும் நல்ல கதை. மிக நல்ல கதை என்றே சொல்வேன். மறுமையே ஒரு தோட்டம், செத்தும் விடுதலை இல்லை என்ற இடத்துக்கு இவர்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள். தாங்கள் எங்கே வந்து நிற்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

தெரிந்திருந்தால் விளையாட்டை இப்படி அமைத்திருப்பார்களா? வாரம் 1,000 அனிமா சேகரித்துக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். படுகுழியில் தவிக்கும் ஆத்மாக்களில் வாரத்துக்கு இத்தனை என்று மீட்டு வர வேண்டும், அதிகபட்சம் 20. மீட்ட ஆத்மாவுக்கு என்ன ஆகும்? அது உங்கள் கணக்கில் நாணயமாக ஏறும். அந்த நாணயத்தையும் அனிமாவையும் கொடுத்து உங்கள் பாசறையின் போக்குவரத்து வசதியை விருத்தி செய்துகொள்ளலாம். ஒருவரைக் காப்பாற்றி, அவரை வைத்தே ரோடு போடுவது! இதைச் செய்யச் சொன்ன எந்தக் கதாபாத்திரமும் ஒரு கணம்கூடக் கூசவில்லை. நாலு நாட்டில் எந்த அணியில் சேர்ந்தாலும் நினைத்தபடி மாறிக்கொள்ள முடியாதபடி கட்டி வைத்திருந்தார்கள். வெளியான நாளிலிருந்து ரசிகர்கள் கத்தினார்கள். 2021 நவம்பரில்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஏறத்தாழ ஒரு வருசம். ரசிகர்கள் சலித்துக்கொண்டதை 'சோம்பேறிகளின் புலம்பல்' என்று சிலர் எழுதினார்கள். அட போங்கய்யா. பெரட்டில் நிற்க வைத்தால் யாருக்குத்தான் கால் கடுக்காது?

பாஸ்டியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அங்கே போகிற ஆத்மா சிறகு முளைத்து உயர்நிலை அடைய வேண்டுமானால் தன் பழைய வாழ்க்கையின் சுமைகளை இறக்கி வைக்க வேண்டும். சுமை என்றால் நினைவு. அம்மா, பிள்ளை, ஊர், கடைசியாகச் சண்டை போட்டுப் பேசாமல் விட்ட தம்பி, எல்லாம். வெள்ளை வெளேரென்ற மண்டபங்கள், தங்க நிறப் புல்வெளி, இனிமையான சங்கீதம். அதற்கு நடுவே மனிதர்களைத் துடைத்து வழித்து வெறும் பாத்திரமாக்குகிறார்கள்.

எங்கள் வீடுகளில் எட்டாம் நாளோ பதினாறாம் நாளோ இலை போட்டுப் படைக்கிறபோது என்ன வைக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்கிறோம். கோழிப் பிரட்டல், கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, ஒரு பாக்கெட் சிகரெட், ஒரு போத்தல் கருப்பு பீர். தோட்டத்துத் தாத்தாவென்றால் கள். "உசுரோட இருக்கும்போது குடிக்காதே குடிக்காதேன்னு கத்துனோம், இப்ப நாமளே ஊத்தி வைக்கிறோம் பாரு" என்று அத்தைமார்கள் அழுதுகொண்டே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு தத்துவம் இருக்கிறது. செத்தவர் தன் கெட்ட பழக்கங்களோடுதான் செத்திருக்கிறார். அவரைத் திருத்துவது நம் வேலை இல்லை. அவர் அவராகவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். நினைவுதான் அவரிடம் நாம் போய்ச் சேர்வதற்கான ஒற்றையடிப் பாதை. அதை அழித்துவிட்டு அதற்கு மேன்மை என்று பேர் வைப்பதை நாம் எப்படி ஏற்பது?

விளையாட்டுக்குள்ளேயே இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். டெவோஸ் என்ற பாஸ்டியன் தலைவி, "ஏன் மறக்க வேண்டும்?" என்று கலகம் செய்கிறாள். அவளோடு ஒரு கூட்டமே பிரிந்து வருகிறது. கதாசிரியர்கள் என்ன செய்தார்கள்? கலகக்காரர்களைப் பெரிய வில்லனின் கையாட்களாக்கிவிட்டார்கள். நியாயமான கேள்வியைக் கெட்டவன் வாயில் வைத்துவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டவனைக் கம்யூனிஸ்ட் என்று எழுதிவிட்டால் கூலி பற்றிய பேச்சே முடிந்துவிடும், அதுபோல. பிறகு பாஸ்டியனில் ஒரு சீர்திருத்தம் வருகிறது, உண்மைதான். கலகக்காரர்கள் அடித்து நொறுக்கப்பட்ட பிறகு, மேலிருந்து கருணையாக வருகிறது.

இந்த விளையாட்டு வந்த காலத்தையும் மறக்கக்கூடாது. 2020 கடைசியும் 2021-உம். மலேசியாவில் 2021 முடிவதற்குள் கோவிட்டில் 31,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, வாய்க்கரிசி போட முடியவில்லை, பதினாறுக்கு நாலு பேரைக் கூப்பிட முடியவில்லை. என் பெரியம்மாவை அப்படித்தான் அனுப்பினோம். சாம்பல் கைக்கு வந்ததும் போர்ட் டிக்சன் கடலுக்குக் கொண்டுபோகக்கூட வழியில்லாமல் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்த இரவுகளில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து மறுமைக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். 'சும்மா கேமு' என்று சொல்கிறவர்கள் இதை யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

அடுத்தது எரிந்த மரம். 2018-இல் வந்த முந்தைய விரிவாக்கத்தில், சில்வானஸ் டெல்ட்ராசில் என்ற மாபெரும் மர நகரத்தைக் கொளுத்துகிறாள். உள்ளே சிக்கிய மக்கள் கருகிச் சாகிறார்கள். அவர்களுடைய தெய்வம் எலூன் அன்று ஏன் வரவில்லை? மூன்று வருசமாக ரசிகர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2021-இல் பதில் வந்தது. ஆர்டன்வீல்ட் காட்டின் அரசி எலூனின் சகோதரி. அவள் நாட்டில் அனிமா பஞ்சம். இத்தனை ஆத்மாக்கள் ஒரேயடியாக அங்கே போனால் தங்கை பிழைப்பாள் என்று எலூன் சும்மா இருந்துவிட்டாளாம். ஆனால் ஆர்பிட்டர் கெட்டுப்போயிருந்ததால் அத்தனை பேரும் படுகுழிக்குப் போய்விட்டார்களாம். தெரியாமல் நடந்துவிட்டதாம்.

படித்தேன், மறுபடி படித்தேன். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் 1942, 43-இல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள், வெட்டிச் சீர்செய்த புல். நம் ஆட்களுக்கு அப்படியொரு வரிசை இல்லை. எந்தக் குழியில் யார் என்ற கணக்கே இல்லை. திதி தெரியாததால் அமாவாசையில் சேர்த்துக் கும்பிடப்பட்டவர்கள் அவர்கள். நாளைக்கே ஒரு தெய்வம் வந்து, "என் தங்கச்சி வீட்டில் அரிசி இல்லை, அதற்காகத்தான் உங்கள் ஆட்களை விட்டுவிட்டேன்" என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? முனியாண்டியே ஆனாலும் கையிலிருக்கும் அருவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டல்லவா பேசுவோம்! விளையாட்டில் அந்த மக்களின் தலைவி டிராண்டே அதுவரை பழி பழி என்று எரிந்துகொண்டிருந்தவள். தெய்வத்தின் இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு ஆறிப்போகிறாள். பழிவாங்கலா, புதுவாழ்வா என்று தெய்வம் கேட்க, புதுவாழ்வைத் தேர்ந்தெடுக்கிறாள். புதுவாழ்வு நல்லதுதான். யார் யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது? குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய தெய்வம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாமா?

ரசிகர்கள் கட்டிய ஊகக் கதைகளுக்கு இங்கேதான் மரியாதை செய்ய வேண்டும். அவற்றைக் கிண்டல் செய்வது சுலபம். சில்வானஸ் வில்லனோடு நடித்துக்கொண்டிருக்கிறாள், கடைசியில் அவன் முதுகில் குத்துவாள் என்றார்கள். ஆர்பிட்டர் கெட்டது தற்செயல் இல்லை, முந்தைய கதையில் கொல்லப்பட்ட ஆர்கஸ் என்ற உலகத்தின் ஆத்மா வந்து மோதியதால்தான் என்று முடிச்சுகளைக் கோத்துக் காட்டினார்கள். ஆர்தஸின் ஆவி எங்கேயோ இருக்கிறது, ஊதரின் முன்னால் அவன் ஒரு நாள் நிற்பான், என்ன பேசுவான் என்று இரவெல்லாம் வாதம் செய்தார்கள். இவற்றின் அடியில் ஓடிய ஆசை ஒன்றே ஒன்று: இத்தனை சாவுக்கும் யாராவது கணக்குச் சொல்ல வேண்டும். கொன்றவர் செத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மறுமை என்ற ஒன்றை மனிதர்கள் கற்பனை செய்ததே அதற்காகத்தானே?

ஆனால் ஊகங்களிலும் ஒரு கெட்ட வகை உண்டு. "ஜெய்லர் செய்ததுதான் சரி, அவனைவிடப் பெரிய எதிரி பின்னால் வருகிறான், அதற்காகத்தான் எல்லாரையும் ஒன்றாக அடிமைப்படுத்தப் பார்த்தான்" என்ற வகை. அவன் சாகும்போது சொன்ன ஒரு மர்ம வாசகத்தைப் பிடித்துக்கொண்டு இதைக் கட்டினார்கள். ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னாலும் அதைவிடப் பெரிய பூச்சாண்டியைக் காட்டி முன்னதை மன்னிக்கச் சொல்கிற வேலை இது. கதாசிரியர்களின் நோய் ரசிகர்களுக்கும் தொற்றிக்கொண்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்த நோய் இதுதான்: எல்லாவற்றையும் ஒருவன் பேரில் எழுதுவது. ஜெய்லர் என்பவன் படுகுழியின் கைதி. முதல் ஆர்பிட்டரே அவன்தான், பதவி பறிக்கப்பட்டவன் என்று பிறகு தெரிகிறது. மொட்டைத் தலை, திறந்த மார்பு, நெஞ்சில் ஓர் ஓட்டை. அவன் கையிலிருந்துதான் ஆர்தஸ் எடுத்த வாளும் அணிந்த முடியும் வந்தனவாம். சில்வானஸின் கோபம், டெனாத்ரியஸின் பதுக்கல், பஞ்சம் எல்லாம் அவன் திட்டமாம். இருபது ஆண்டுகளாக எங்களை உறுத்திய கேள்வியை ஒரே வரியில் அழித்துவிட்டார்கள். ஆர்தஸ் தன் காலால் நடந்து போனான் என்று நினைத்தோம். இல்லையாம், பின்னாலிருந்து ஒருவன் கயிறு இழுத்தானாம். அப்படியென்றால் குற்றம் எங்கே? திருந்துவது எங்கே?

கயிறு இழுத்தவனைக் கொன்றதும் கதை முடிந்தது, 2022-இல். கடைசி யுத்தம் நடக்கும் ஸெரெத் மோர்டிஸ் என்ற இடம், மறுமைகளையே உற்பத்தி செய்கிற பட்டறை. இயந்திரப் பணியாளர்கள் ஓயாமல் புதுப்புது மறுமைகளைச் செய்கிறார்கள். இங்கேயாவது யாராவது நின்று, "இதை இப்படித்தான் செய்ய வேண்டுமா?" என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. பெலாகோஸ் என்ற நல்ல பிள்ளை புதிய ஆர்பிட்டராக உட்கார்ந்தான். நினைவுகளை மதிக்கிறவன், ஈரமுள்ளவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வரிசை அதே வரிசை, நிரை அதே நிரை. மலாயாவில் 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது, கங்காணி முறை தொடர்ந்தது. 1957-இல் சுதந்திரம் வந்தது, மறுநாள் விடியலிலும் பெரட்டு மணி அடித்தது. வெள்ளைத் துரை போய் நம் நிறத்துத் துரை வந்தார். சிலர் நல்லவர்கள்கூட. நல்ல துரை வந்ததைத் தோட்டத்துச் சனம் விடுதலை என்று நம்பவில்லை. ஷாடோலேண்ட்ஸ் நம்மை நம்பச் சொல்கிறது.

சில்வானஸுக்குக் கிடைத்த தண்டனையை ஆதரிப்பவர்கள் உண்டு. படுகுழிக்குப் போய், அங்கே சிக்கிய கடைசி ஆத்மாவை மீட்கும்வரை திரும்பக்கூடாது என்று டிராண்டே தீர்ப்பளிக்கிறாள். தண்டனை என்பது செய்ததைச் சரிக்கட்டும் வேலையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தத் தீர்ப்புக் காட்சி முழுவதும் யாரைச் சுற்றி நடக்கிறது? சில்வானஸின் பிளந்த ஆத்மா, அவள் வருத்தம், அவள் அமைதி. கருகிப்போனவர்கள் அவளுடைய திருந்தலுக்குப் பின்னணித் திரைச்சீலையாகத் தொங்குகிறார்கள். ஆர்தஸுக்கு நடந்தது அதைவிட மோசம். ஒரு கைப்பிடி வெளிச்சமாகச் சுருங்கி, ஒரு வார்த்தை பேசாமல், தரையில் கரைந்தான். ஊதருக்கு அவன் கடமைப்பட்ட அந்தப் பேச்சு பேசப்படவே இல்லை.

"மேல்நாட்டுக்காரன் கதையில் நம்ம கருமாதியைத் தேடினால் எப்படி?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. நான் படையலைத் தேடவில்லை, உறவைத் தேடுகிறேன். அது எந்த ஊர்க் கதையிலும் இருக்க முடியும். அதே 2021 டிசம்பரில் ஜப்பானியர்களின் 'ஃபைனல் ஃபேண்டஸி 14' விளையாட்டுக்கு 'எண்ட்வாக்கர்' வந்தது. கூட்டம் தாங்காமல் நிறுவனமே கொஞ்ச நாள் விற்பனையை நிறுத்தி வைத்தது. அதிலும் செத்தவர்களின் ஆவிகள் சேரும் ஆழ்கடல் ஒன்று உண்டு. நாம் அதற்குள் இறங்கும்போது, முன்பு நம்மோடு இருந்து செத்த தோழர்கள் வழிகாட்ட வருகிறார்கள், முன்பு நம்மிடம் தோற்றுச் செத்த பகைவர்கள் பழைய ஆத்திரத்தோடு மறிக்கிறார்கள். அன்பும் பகையும் அப்படியே இருக்கின்றன. கலங்கிப்போகிறோம். முடியாத காரியம் இல்லை என்பதற்கு இது போதும்.

நம்மிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. சித்திரகுப்தனும் ஒரு கிராணிதான், பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிறான். கருட புராணத்தின் தண்டனைப் பட்டியலுக்கு முன்னால் ரெவண்ட்ரெத் ஒரு பாலர் பள்ளி. சுடுகாட்டில் யார் பறை அடிப்பது, யார் குழி வெட்டுவது என்பதில் சாதி கப்பலேறி வந்து தோட்டத்திலும் குடியிருந்தது. ஆனால் அந்தக் கணக்கனையும் காவல்காரனையும் எதிர்த்துப் பேசுகிற கதைகளும் நம்மிடமே இருக்கின்றன. திருக்கடையூரில் எமனையே எட்டி உதைத்ததாகச் சொல்கிறோம். சாவித்திரி எமனிடம் வழக்காடிப் புருசனை மீட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக அரிச்சந்திர மயான காண்டம். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கொடுத்தால்தான் எரிக்க விடுவேன் என்கிறான் காவல்காரன். காசில்லை என்றால் கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். அந்தத் தாலி கட்டியவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

பார்க்கிறவர்களின் நெஞ்சு அங்கே வெடிக்கிறது. மறுமையின் வாசலில் சட்டம் பேசி நிற்கிறவன் செத்தவனின் தகப்பன். வசூலிக்கிறவனுக்கும் இழந்தவளுக்கும் நடுவே ஓர் உறவு இருக்கிறது, அதனால் கடமை என்பது கதையாகிறது. ஆர்பிட்டருக்கு யாரையும் தெரியாது, யாருக்கும் அதைத் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றின் முன்னால் நாடகம் நடக்காது. அங்கே வரவு வைக்கத்தான் முடியும்.

ஆகவே, கோபமாக இருக்கிற ரசிகர்களுக்கு ஒன்று சொல்வேன். 'போர் அடித்தது', 'வில்லன் சரியில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் கோபத்தின் அடியில் இருப்பது அதைவிடப் பெரியது. நம் எழுத்தாளர்களுக்கும் ஒன்று. லயம், பால்மரம், கள்ளுக்கடை என்று தோட்டத்தை எத்தனையோ விதமாக எழுதிவிட்டோம். தோட்டங்கள் போய்விட்டன. நீலாய்ப் பக்கம் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழும்பிய மண்ணில் சிலவற்றின் சுடுகாடும் கூடவே காணாமல் போனது. அங்கே கிடந்தவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள்? யார் பெரட்டில்? லோபாக்கின் ஒரு வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாகவா, கடலில் கரைத்த சாம்பலாகவா, சயாம் காட்டுக் குழியிலா? இதை எழுத நமக்கு டிராகனும் வேண்டாம், மந்திர வாளும் வேண்டாம்.

மறுமையைப் பற்றிக் கதை சொல்ல வருகிறவர் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், செத்தவரை வரிசையில் நிறுத்துவதற்கு முன்னால் அவர் பேரைக் கேட்கட்டும். பெண்டாட்டி பிள்ளை எங்கே என்று கேட்கட்டும். சாப்பிட என்ன பிடிக்கும் என்று கேட்கட்டும். அதற்குப் பிறகும் அவரை நிரை பிரித்து அனுப்ப மனசு வந்தால், அனுப்பிப் பார்க்கட்டும்.